வேன் தண்ணீர் குடிக்கிறது: மறுபடியும் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ராமேஸ்வரம், தங்கச்சிமடம் கரைகளில் மீனும் நண்டும் ஏற்றி ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கும், லோடு கூடுதலாக இருக்கும் நாட்களில் மதுரைக்கும் கொண்டுபோகிறவர். வண்டி 2012 மாடல் டீசல் வேன். நான்கு வருஷத்துக்கு முன்னால், மனைவியின் நகையை அடகு வைத்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

போன ஆகஸ்டில் வண்டி சூடானதால் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இறக்கி கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு) மாற்றியிருக்கிறார்கள். 17,500 ரூபாய். பில் தரவில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று, தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார்கள். ஐந்து மாதம் பிரச்சினை இல்லை. ஜனவரியிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. லோடோடு பாம்பன் பாலம் ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போகிறது. ஒரு நாள் பாலத்து ஏற்றத்திலேயே முள் தானாகச் சட்டென்று இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். உச்சிப்புளி தாண்டுமுன் ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. அதன்பிறகு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தார், ஒழுக்கு அடைக்கும் பவுடரும் போட்டுப் பார்த்தார். இப்போது வேறொரு பட்டறை "மறுபடியும் ஹெட் கேஸ்கெட்தான், ஃபேசிங் அடித்து எல்லாம் சேர்த்து 32,000 ஆகும்" என்கிறது. (ஃபேசிங் என்பது ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது.) ஒரு புரோக்கரோ, கெட்டியான ஆயில் ஊற்றி வெளி மாவட்டத்தில் தள்ளிவிடலாம் என்கிறார். மீன்பிடித் தடைக்காலம் வர ஒரு மாதம்தான் இருக்கிறது, அதுவரை தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டலாமா, பணம் போடலாமா, விற்றுவிடலாமா என்று கேட்கிறார். "தரையில் ஒரு சொட்டுகூட இல்லை ஐயா, அப்படியென்றால் உள்ளேதானே போகிறது?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

உங்கள் வயதை வைத்துத் தம்பி என்றே கூப்பிடுகிறேன். தம்பி, 32,000 ரூபாய்க்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன. ஆனால் ஒழுங்காகப் போட்ட கேஸ்கெட் ஐந்து மாதத்தில் தானாகப் போவதில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய ஹெட் மயிரிழை அளவு வளையும், அந்த இடைவெளியில்தான் கேஸ்கெட் வெந்து விட்டுக்கொடுக்கும். சூடானதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அதை யாரும் தேடியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த முறையும் தேடாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், அடுத்த சீசனில் இதே கடிதத்தை மறுபடியும் எழுதுவீர்கள்.

முள் இறங்கினால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது பாலத்தில் நடந்ததுதான். பாலத்தின் நடு உச்சியைத் தாண்டி இறக்கத்தில் முள் மெதுவாக இறங்கினால் அது இயல்பு. எஞ்சினுக்கு வேலை குறைகிறது. ஏற்றத்தில், லோடோடு, ஆக்சிலேட்டரை மிதித்திருக்கும்போதே முள் சட்டென்று விழுந்தால் கதை வேறு. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மட்டம் குறைந்து, சென்சார் வெறும் ஆவியிலோ காற்றிலோ நின்றால் முள் கீழே வந்துவிடும். எஞ்சின் அப்போதுதான் மிக மோசமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து உச்சிப்புளி வரை ஓட்டியதில் ஹெட்டுக்கு என்ன ஆனது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

இனி முள் வழக்கத்தைவிட மேலே போனால் பாலத்தில் ஏறாதீர்கள். பாம்பன் பக்கத்திலேயே ஓரமாக நிறுத்துங்கள். பாலத்தின் மேல் வண்டி நின்றால் இரண்டு பக்கமும் ஊரே நிற்கும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போகாதீர்கள். உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டி, அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி தளர்ந்த நொடியில் மொத்தமும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாய்) தொட்டு அழுத்திப் பார்த்து, அது தளர்ந்த பிறகு திறங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும், ஐஸ் பெட்டித் தண்ணீர் என்றால் இன்னும் மோசம்.

ஹெட்டைத் தொடும் முன்

தரையில் சொட்டு இல்லை என்பதால் தண்ணீர் உள்ளேதான் போகிறது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மீன் வண்டியின் அடிப்பக்கம் எப்போதும் ஐஸ் உருகிய தண்ணீரில் நனைந்துதான் இருக்கும். அதில் எது ரேடியேட்டர் தண்ணீர் என்று எப்படித் தெரியும்? அதோடு, பல ஒழுக்குகள் எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும்தான் கசியும். கசிந்த இடத்திலேயே காய்ந்துவிடும். வண்டியை ஐஸ் பெட்டி இல்லாமல் ஒரு நாள் காய விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் கிளிப்பைச் சுற்றி, ரேடியேட்டர் ஓரங்களில், எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகடுகளில் வெள்ளையாகவோ துரு நிறத்திலோ காய்ந்த தடம் இருந்தால் அங்கேதான் கசிவு. வாட்டர் பம்புக்கு அடியில் சின்னதாக ஒரு துளை உண்டு. உள்சீல் போனால் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்த துளை அது. அதன் கீழே ஈரமோ தடமோ இருந்தால் பம்ப் மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதன் மேலேயே 0.9 அல்லது 1.1 என்பது போல பார் கணக்கில் ஒரு எண் இருக்கும். அதுதான் மூடி தாங்கிப் பிடிக்க வேண்டிய அழுத்தம். ஒரு பார் அளவு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் நூறிலேயே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வெளியே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு கேஸ்கெட் போன வண்டி மாதிரியே தெரியும். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். அதை முதலில் புதிதாக மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகு பட்டறையில் கேட்டு வாங்க வேண்டிய சோதனைகள் மூன்று. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். பம்பின் முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் அப்போது உள்ளே சந்தேகப்படலாம். இரண்டாவது, ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து எஞ்சினை ஓடவிடும் சோதனை. சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலந்தால் நீலம் மாறி பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகும். கேஸ்கெட்டைப் பிடிக்க இதைவிட நேரடியான சாட்சி இல்லை. மூன்றாவது, கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளப்பது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கெட் விட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ராமநாதபுரத்தில் இந்தக் கருவிகள் கிடைக்காவிட்டால் மதுரையில் செய்துகொள்ளுங்கள். ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

நீங்களே வீட்டு வாசலில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காலையில், முழுக்க ஆறிய எஞ்சினில், மூடியைத் திறந்து தண்ணீரை வாய் வரை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் இரண்டு மூன்று குமிழி வருவது உள்ளே தங்கிய காற்று. அது நிற்காமல், ஆக்சிலேட்டரைக் கூட்டினால் கூடக்கூட வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே, எஞ்சின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தாலும் அதே அர்த்தம்தான்.

வெள்ளைப் புகையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். டீசல் வண்டியில், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் குளோ பிளக்கோ, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ சரியில்லை என்றாலும் காலையில் வெள்ளையாகத்தான் புகை வரும். அந்தப் புகை கண்ணை எரிக்கும், டீசல் வாடை அடிக்கும். தண்ணீர் ஆவி அப்படி எரிக்காது. கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) போட்ட வண்டியில் புகை இனிப்பாக மணக்கும் என்று சொல்வார்கள். நீங்கள் வெறும் போர் தண்ணீர் ஊற்றுவதால் உங்கள் வண்டியில் அந்த மணத்தைத் தேடிப் பயனில்லை. ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் வழவழப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அதற்கும் கேஸ்கெட்தான் காரணம் என்று இல்லை. பல டீசல் எஞ்சின்களில் ஆயிலைத் தண்ணீரால் ஆற்றும் ஆயில் கூலர் இருக்கும், அது உள்ளே விட்டுக்கொடுத்தாலும் இரண்டும் கலக்கும். ஆயில் கூலரைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றிவிட்டு, மறுபடியும் பால் காபி வந்து திகைத்து நிற்கிறவர்கள் உண்டு.

போர் தண்ணீரும் உப்புக் காற்றும்

சூடானதற்கான மூல காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. நம் கரையோரத்துப் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் எவ்வளவு என்பது துணி துவைக்கிறவர்களுக்குத் தெரியும். அதே தண்ணீர் தினமும் எஞ்சினுக்குள் கொதித்தால் காவி படியும். டீ போடும் பாத்திரத்தின் உட்புறம் வெளுத்துத் தடிக்கிற மாதிரி ரேடியேட்டர் குழாய்களின் உட்சுவரும் தடித்துவிடும். சூடு வெளியே போகாது. உப்பு ஒரு பக்கம் அலுமினியத்தை அரிக்கும். அப்படி அரித்த பள்ளம் ஹெட்டின் தண்ணீர் வழி ஓரத்தில் இருந்தால் எந்தக் கேஸ்கெட்டும் அங்கே உட்காராது. இதன் மேல் மஞ்சள்தூளும் பவுடரும் போயிருக்கின்றன. நடுவழியில் நின்றவர் வீடு வந்துசேர அவை உதவலாம். வீடு வந்த பிறகு அவை ரேடியேட்டர் குழாய்களின் எதிரிகள்.

வெளியே கடல் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அந்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். உதிராமல் இருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவலாம். மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள், ஹோஸ் கிளிப்புகளையும் அப்போதே பாருங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் அந்தப் பட்டறை சொன்னது தவறு. வெயில் ஊருக்கும் அது வேண்டும். பல எஞ்சின்களில் அது பைபாஸ் வழியை மூடும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். சமதரையில் தெரியாது, லோடோடு பாலம் ஏறும்போது தெரியும். நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித்தானே இருக்கிறது?

கூலன்ட் பனிப்பிரதேசத்துக்கு மட்டும் என்று நினைத்து விட்டிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நம் கரைக்கு அது துருவையும் அரிப்பையும் தடுப்பதற்காக வேண்டும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். வண்டிக் கம்பெனி சொன்ன வகையை டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். அதில் நிறம் இருப்பதால் ஐஸ் தண்ணீருக்கு நடுவிலும் கசிவு கண்ணில் படும். அவசரத்துக்குப் போர் தண்ணீரை விட ஆர்.ஓ. கேன் தண்ணீர் எவ்வளவோ மேல். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் விஷம், ஆனால் இனிக்கும். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இறக்கிய பழையதை ஆடு, மாடு, நாய் குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள், கடலிலும் கொட்டாதீர்கள்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால்

அப்போது வேலையை முழுதாகச் செய்யுங்கள். 32,000 ரூபாயில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். ஹெட்டைக் கழற்றியதும் லேத்துக்கு அனுப்பும் முன் நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவை அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கம்பெனி மேனுவலில் இருக்கும். பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரிய வளைவுதான். ஃபேசிங் அடிக்கும் முன் ஹெட்டை அழுத்தம் ஏற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் காசு கொடுப்பது வீண்.

ஆகஸ்டில் ஏற்கெனவே ஒருமுறை ஃபேசிங் அடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதை விசாரியுங்கள். ஹெட்டை அளவில்லாமல் சீவ முடியாது. டீசல் கேஸ்கெட்டின் ஓரத்தில் சின்னத் துளைகளோ வெட்டுகளோ இருக்கும். அவைதான் தடிமனைச் சொல்லும். பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்து அதற்கேற்ற தடிமனை எடுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டில் எத்தனை துளை, புதியதில் எத்தனை துளை என்று நீங்களே கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் வேலையை நம்பிக் கொடுக்கலாம்.

ஹெட் போல்ட் புதிதாக இருக்கட்டும். பல எஞ்சின்களில் அது ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை. போல்ட் குழிகளில் எண்ணெயும் தண்ணீரும் தேங்காமல் துடைத்து, நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கைக் கணக்கில் இறுக்குகிற பட்டறை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், ஃபேன், பம்ப் இத்தனையும் அதே வேலையோடு பார்க்கப்பட வேண்டும். கூலன்ட் நிரப்பியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

தடைக்காலம் வரை ஓட்டலாமா?

விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் லோடு குறையும், வண்டியை நிறுத்தி வேலை பார்க்கத் தோதான காலம் என்று நீங்கள் கணக்குப் போட்டது நல்ல கணக்கு. வெளிக் கசிவு மட்டும்தான் என்று சோதனையில் தெரிந்தால், அதைச் சரிசெய்துவிட்டு, லோடைக் குறைத்து, தினமும் மட்டம் பார்த்து அதுவரை ஓட்டலாம்.

வாயு தண்ணீரில் கலக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஒரு நடைகூட வேண்டாம். இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கி, காலையில் செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஆயிலில் தண்ணீர் போனால் பேரிங் தேயும். இன்று முப்பதாயிரத்தில் முடிகிற வேலை, முழு எஞ்சின் வேலையாகிவிடும். ஒரு மாத லோடு வருமானத்தை இழப்பது கஷ்டம்தான், நகையும் அடகில் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கு வாடகை வண்டி பிடித்தாவது உங்கள் மீன் வாடி வியாபாரிகளை விட்டுவிடாமல் பாருங்கள். இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண பாலிசி விபத்துக்குத்தான், தேய்மானத்துக்கும் எஞ்சின் பழுதுக்கும் தராது.

பழைய பட்டறையும் புரோக்கரும்

பில் இல்லாததால் கேட்க வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 17,500 ரூபாயைப் போனில் அனுப்பியதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிவர்த்தனையும் அவரோடு பேசிய செய்திகளும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். பழுது பார்ப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. வண்டி வருமானத்துக்கு ஓடுகிறது என்றாலும், சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக நீங்களே ஓட்டுவதால் உங்களை நுகர்வோராகக் கருத இடம் உண்டு. இரண்டு வருஷத்துக்குள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

ஆனால் வழக்கு என்றால், குறை அவர் வேலையில்தான் என்று காட்ட வேண்டும். நடுவில் சூடோடு நீங்கள் உச்சிப்புளி வரை ஓட்டியதை எதிர்த்தரப்பு கண்டிப்பாகச் சொல்லும். அதனால் முதலில் நேரில் பேசுங்கள். ஹெட்டைத் திறக்கும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள், அவர் முன்னிலையில் படம் எடுங்கள். பழைய கேஸ்கெட்டையும் போல்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தர அவர் ஒத்துக்கொண்டால் அதுவே உங்களுக்குச் சீக்கிரமான நியாயம்.

புரோக்கர் சொன்னதைச் செய்யாதீர்கள், தம்பி. கெட்டி ஆயில் ஊற்றிப் பழுதை மறைத்து விற்பது ஒப்பந்தச் சட்டத்தில் மோசடிக் கணக்கில் வரும். வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணம் கேட்கலாம். வாங்குகிறவரும் உங்களைப் போல நகையை அடகு வைத்து வருகிறவராக இருக்கலாம் என்பதும் என் மனதில் ஓடுகிறது. விற்பதாக முடிவு செய்தால் சோதனை முடிவைக் காட்டி, பழுதை எழுதிக் கையெழுத்து வாங்கி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். அதில் ஒரு தவறும் இல்லை. விற்பதா வைத்துக்கொள்வதா என்று கணக்குப் பார்க்கும்போது, வருஷா வருஷம் வரும் எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவையும், அடிப்பக்கச் சேசிஸ் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் வண்டியில் எஞ்சினுக்கு முன் சேசிஸ் போய்விடுவது சகஜம். சேசிஸ் ஓட்டையாகியிருந்தால் எஞ்சினில் முப்பதாயிரம் போடச் சொல்ல மாட்டேன்.

ரேடியேட்டர் மூடியை மாற்றிவிட்டு மூன்று சோதனைகளையும் செய்தபின், அழுத்தம் கால் மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது, நீலத் திரவம் நிறம் மாறியதா, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். அதை வைத்து, ஹெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று திட்டமாகச் சொல்கிறேன்.